மரியாயின் சேனை பிறந்த கதை

கோலார் தங்கவயலின் கதையை எந்தப் பக்கம் தொட்டாலும் ஓர் அயர்லாந்துக்காரர் வந்து நிற்பார். பெயர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல். நியூசிலாந்தில் மாவோரிகளோடு சண்டை போட்டுவிட்டு, பெங்களூர் கன்டோன்மென்டில் வந்து குடியேறிய பழைய சிப்பாய். பொழுது போகாமல் பழைய ஏடுகளைப் புரட்டியவர் கண்ணில், ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரியின் 1804-ம் ஆண்டுக் கட்டுரை பட்டது. கோலார்ப் பக்கத்துக் கிராமங்களில் ஜனங்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுக்கிறார்கள் என்றது அது. 1871-ல் லாவெல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். 1873-ல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமையும் வாங்கினார். கைக்காசு கரைந்ததுதான் மிச்சம். உரிமை கைமாறி, 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகே பூமி வாய் திறந்தது. லாவெலுக்குக் கிடைத்தது பெங்களூரில் ஒரு சாலைக்குத் தன் பெயர். ஆனால் தங்கவயலில் இன்றைக்கும் வாராவாரம் புழங்கும் ஒரு சரக்கை அனுப்பிவைத்தவர் வேறோர் அயர்லாந்துக்காரர். அவர் சுரங்கமும் தோண்டவில்லை, துப்பாக்கியும் தூக்கவில்லை. டப்ளின் நகரத்து அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் கதைக்கு வருமுன் பாரிஸுக்குப் போகவேண்டியிருக்கிறது. 1833. ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுச் சட்ட மாணவர் அங்கே ஒரு விவாத மன்றத்தில் முக்கியப் புள்ளி. கடவுளை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து மல்லுக்கட்டிய மன்றம் அது. ஒருநாள் எதிரணி மாணவர் ஒருவர் கேட்டார்: திருச்சபை ஒரு காலத்தில் நல்லது செய்திருக்கலாம், இன்றைக்கு நீங்கள் என்ன செய்து கிழிக்கிறீர்கள்? எந்த வாதத்துக்கும் சளைக்காத ஓசானாமுக்கு நாக்கு எழவில்லை. அந்த ஏப்ரல் 23-ம் தேதி ஏழு பேர் கூடினார்கள். ஏழைகள் எங்கே இருக்கிறார்கள் என்றுகூட அந்தப் பையன்களுக்குத் தெரியவில்லை. ரோசலி ரந்து என்ற கன்னியாஸ்திரி சந்து சந்தாக அழைத்துப் போய்க் காட்டினார். அரிசியும் மருந்துச் செலவும் பள்ளிக்கூடக் கட்டணமும் கொடுத்து நம்மூர்ப் பங்குகளில் இன்று நடக்கிற வின்சென்ட் தே பவுல் சபை அப்படிப் பிறந்தது. குத்தலாகக் கேட்ட ஒரு கேள்விதான் அதற்குத் தாய். சபை வளர்ந்தது, கூடவே சந்தேகமும் வளர்ந்தது.

தருமம் செய்கிறவர்களுக்கு எதற்கு இத்தனை கட்டுக்கோப்பு, இத்தனை கிளை, தலைமைச் சங்கம் என்று பிரெஞ்சு அரசாங்கம் யோசித்தது. 1861-ல் உள்துறை அமைச்சர் பெர்சினி ஓர் உத்தரவு போட்டார். சபையின் தலைவரை அரசாங்கமே நியமிக்கும், சம்மதமா என்பது பேரம். சம்மதமில்லை என்றதும் தலைமைச் சங்கம் கலைக்கப்பட்டது. சாமியார் அல்லாத சாதாரண விசுவாசிகள் சேர்ந்து ஒழுங்காக ஒரு காரியம் செய்தால் அதில் சதி இருக்கும் என்ற எண்ணம் அன்றே வந்துவிட்டது. அந்தக் கலைப்பைத் தாங்கிக்கொண்டு சபை உலகமெங்கும் பரவியது. 1844-லிருந்தே டப்ளினிலும் அது இருந்தது. ஆனால் அதன் விதியில் ஒரு கதவு மட்டும் மூடியே கிடந்தது: உறுப்பினராக ஆண்கள் மட்டும்.

1913-ல் டப்ளின் கிளை ஒன்றில் நம் அரசாங்க ஆபீஸ் கணக்கர் சேர்ந்தார்; பெயர் ஃபிராங்க் டஃப். வயது 24. ஆபீஸ் நண்பர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் என்பதைத் தவிர பெரிய காரணம் இல்லை. அதுவரை அவர் பார்த்த டப்ளின் வேறு. சேரிகளுக்குள் போனதும் ஆள் மாறிப்போனார். அங்கே புராட்டஸ்டன்ட் மிஷன் ஒன்று ஏழைகளுக்குக் காலை உணவு கொடுத்தது. சாப்பிட வருகிறவர்கள் ஜெபக்கூட்டத்திலும் உட்காரவேண்டும். டஃப் அந்த வாசலுக்கு எதிரே நின்று, வருகிற கத்தோலிக்கர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்புவார். வீம்பும் வெறியும் கலந்த வேலைதான். அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த வாசலில் நின்றபோது அவர் ஒன்றைக் கண்ணால் கண்டார். ரொட்டிக்காக ஒரு மனிதன் தன் நம்பிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போவது எப்படியிருக்கும் என்பதை. பிற்பாடு அவர் எழுதிய ஒரு விதிக்கு விதை அங்கேதான் விழுந்திருக்கவேண்டும். அந்த விதிதான் இன்றுவரை அவர் அமைப்பு வாங்குகிற வசவுகளில் முதலாவது.

அதற்குள் இன்னொரு விபத்து. லூயிஸ் தெ மான்ஃபோர் என்ற பிரெஞ்சு சாமியார் 1716-ல் இறந்துபோனார். மாதா பக்தியைப் பற்றி அவர் கையால் எழுதிய சுவடி ஒன்று இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் கலவரத்தில் அதை ஒரு பெட்டியில் போட்டு ஒளித்தார்கள். ஒளித்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தச் சுவடியை ஒருவரும் தேடவில்லை. 1842-ல் வேறு எதையோ தேடியபோது கிடைத்தது. டஃப் 1917 வாக்கில் அந்தப் புத்தகத்தைப் படித்தார். முதல் வாசிப்பில் மிகைப்பேச்சு என்று தோன்றியது. நண்பர்களின் வற்புறுத்தலில் திரும்பத் திரும்பப் படிக்க, ஒருநாள் அது அவரைப் பிடித்துக்கொண்டது. பாரிஸிலிருந்து வந்த வீடு தேடிப் போகும் முறையும், பெட்டியிலிருந்து வந்த மாதா பக்தியும் ஒரே மனிதரின் தலைக்குள் சேர்ந்தன. மூன்றாவது ஒன்று குறைந்தது. அதைப் பெண்கள் கொண்டுவந்தார்கள்.

டப்ளின் ஃபிரான்சிஸ் தெருவில் மைரா ஹவுஸ் என்று ஒரு கட்டடம். வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் கூடும் இடம். ஆண்கள் அறிக்கை வாசிப்பார்கள், தீர்மானம் போடுவார்கள். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் டீ போடுவார்கள், பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு பரிமாறுவார்கள். பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளம்பெண்கள். 1921 ஆகஸ்டில் ஒரு கூட்டத்தில், மாட் மர்ரி என்ற உறுப்பினர் தான் போய்வந்த ஏழைகள் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னார். படுக்கை படுக்கையாக உட்கார்ந்து பேசியதைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் சிலர் கூட்டம் முடிந்ததும் டஃப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் வார்டுக்குத் தாங்கள் போகக் கூடாதா என்று கேட்டார்கள். சபை விதிப்படி கூடாது. டஃப் ஆபீஸ்காரர், விதியை மீறுகிற பழக்கம் அவருக்கு இல்லை. விதிக்கு வெளியே ஒரு வழி இருக்கிறதா என்று யோசிக்கிற பழக்கம் இருந்தது.

அடுத்த மாதம் 7-ம் தேதி புதன்கிழமை இரவு எட்டு மணி என்று முடிவாயிற்று. அந்தத் தேதியை யாரும் நாள் பார்த்துக் குறிக்கவில்லை. மறுநாள் செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணியில் தேர் முடிந்து கொடி இறங்குகிற நாள் என்று தமிழ்க் கத்தோலிக்கர் எவருக்கும் தெரியும். அந்தப் பெண்களுக்கு அது பிற்பாடுதான் உறைத்தது. டஃப்பும் மைக்கேல் டோஹர் என்ற இளம் சாமியாரும் உள்ளே போனபோது, யாரோ முன்னதாகவே வந்து மேசையைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். மேலே வெள்ளைத் துணி. நடுவில் கைகளைக் கீழ்நோக்கி விரித்த மாதா சுரூபம். இரண்டு பக்கமும் இரண்டு பூச்சாடி, இரண்டு மெழுகுவத்தி. யாரும் சொல்லிச் செய்ததில்லை. பதின்மூன்று பெண்கள் அந்த மேசையைச் சுற்றி மண்டியிட்டு ஜெபமாலை சொன்னார்கள். பிறகு உட்கார்ந்து, யார் எந்த வார்டுக்குப் போவது என்று பேசினார்கள். எலிசபெத் கிர்வன் என்ற பெண்மணி தலைவியானார். முதல் வேலை, ஏழைகள் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வார்டு. அங்கே போகத்தான் யாருக்கும் மனசு வராது; ஆகவே அதிலிருந்து தொடங்கினார்கள். இரண்டிரண்டு பேராகப் போய், அடுத்த வாரம் வந்து அறிக்கை சொல்லவேண்டும். பெயர்கூட வைக்கவில்லை. கொஞ்சநாள் இரக்கத்தின் மாதா சங்கம் என்று அழைத்தார்கள். ஊர் அவர்களைக் கவனிக்கத் தொடங்கியது அடுத்த ஆண்டில்தான். அதற்குக் காரணம் ஆஸ்பத்திரி இல்லை.

1922-ல் இந்தப் பெண்கள் விலைமாதர் குடியிருந்த ஒரு விடுதிக்குள் நுழைந்தார்கள். டப்ளினின் மரியாதைக்காரர்கள் பெயரைச் சொல்லவும் கூசிய இடம். வெளியே வர விரும்பிய பெண்களுக்குத் தங்க இடம் வேண்டும் என்று டஃப் அமைச்சர்களின் வாசலில் போய் நின்றார். புதிதாகப் பிறந்த நாடு, உள்நாட்டுப் போர் வெடித்துக்கொண்டிருந்த நேரம். அந்த அமளியிலும் காஸ்கிரேவ் என்ற அமைச்சர் ஹார்கோர்ட் தெருவில் ஒரு வீட்டை ஒதுக்கிக் கொடுத்தார். அடுத்தது மான்டோ. ஐரோப்பாவிலேயே பெரிய சிவப்பு விளக்குப் பகுதிகளில் ஒன்றாகப் பேசப்பட்ட இடம். 1925 மார்ச்சில் போலீஸ் சுற்றிவளைத்து அதை மூடியபோது, அந்த மூடுவிழாவுக்குள் இந்தப் பெண்களின் பங்கும் இருந்தது. ஒழுக்கப் போலீஸ் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் விமரிசித்தது இதைத்தான். அந்த விமரிசனத்தில் உண்மை உண்டு. பெண்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லிச் சலவைக் கூடங்களில் அடைத்துவைத்த அயர்லாந்து அது. அந்தக் கணக்கில் இவர்களையும் சேர்த்துவிட எழுதுகிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும்.

ஆனால் 1930 அக்டோபரில் நடந்ததைப் பார்க்கவேண்டும். அந்தக் காலத்து அயர்லாந்தில் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவளுக்கு ஒரே தீர்ப்புதான்: பிள்ளை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். கன்னியர் மடமும் அரசாங்கமும் குடும்பமும் கைகோத்துப் பிரித்தார்கள். அந்த அக்டோபரில் டப்ளினின் பழைய கட்டடம் ஒன்றில் இவர்கள் ரெஜினா சேலி என்று ஒரு விடுதி திறந்தார்கள். அங்கே தாய் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவளின் பிள்ளையை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள். நாட்டில் ஒருவரும் அதை அப்படிச் செய்யத் துணியாத காலம். அதை ஒரு புரட்சி என்று யாரும் அறிவிக்கவில்லை, கொடி ஏற்றவில்லை. பாவத்துக்கு வசதி செய்துகொடுக்கிறார்கள் என்ற முணுமுணுப்புதான் கேட்டது. அது கேட்டது எதிரிகளிடமிருந்து மட்டுமில்லை.

இதற்குள் பெயரும் வந்திருந்தது. 1925 நவம்பரில் டஃப் 'மரியாயின் சேனை' என்று பெயர் வைத்தார். அமைப்புக்கு ரோமப் படையிலிருந்து சொற்களை எடுத்தார். அடிக்கிளை பிரசீடியம், அதற்கு மேலே கூரியா, கொமித்சியம், செனாத்துஸ். கழுகு பறந்த ரோமக் கொடிக்கம்பத்தில் புறாவை உட்காரவைத்தார். பழங்கால ரோமத்தின் மேல் அவருக்கிருந்த மோகம் கொஞ்சம் அதிகம்தான்; வேறு பெயர் வைத்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும். டப்ளின் பேராயர் இல்லத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு ஒப்புதல் வரவில்லை. சாமியார் அல்லாத ஒரு கணக்கர் எழுதிய கைப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, பெண்கள் தலைவிகளாக உட்கார்ந்து, படை என்று பெயர் வைத்துக்கொண்டால் எந்தப் பேராயருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? 1931-ல் டஃப் ரோமில் பாப்பரசர் பதினோராம் பயஸைச் சந்தித்து ஆசி வாங்கிவந்தார். உள்ளூர்ப் பனி அப்போதும் உருகவில்லை.

1940-ல் ஜான் சார்லஸ் மெக்வைட் பேராயராக வந்தபின் பனி இறுகியது. அதற்குள் டஃப்பே மாறியிருந்தார். மிஷன் வாசலில் நின்று புராட்டஸ்டன்ட்டுகளை எதிர்த்த அதே மனிதர், 1941-ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் மெர்சியே சங்கத்துக்கு வழி செய்தார். அடுத்த ஆண்டு யூதர்களோடு பேச இன்னொரு சங்கம். ஹிட்லர் ஐரோப்பா முழுக்க யூதர்களைத் தேடித் தேடிக் கொன்ற ஆண்டு அது. இரண்டு சங்கங்களும் நீடிக்கவில்லை. பேராயர் இல்லம் கடிவாளத்தை இழுத்தது. சாமியார்களின் கைப்பொம்மை என்று சேனையைச் சொல்கிறவர்கள் இந்த அத்தியாயத்தைப் படித்தவர்களாகத் தெரியவில்லை. பேராயர் அவர்களைக் கைப்பொம்மை என்று நினைத்திருந்தால் கடிவாளத்துக்கு வேலையே இருந்திருக்காது. டப்ளினில் இப்படி மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த மேசை ஏற்கனவே கடல் கடந்துவிட்டிருந்தது.

1928-ல் கிளாஸ்கோ. 1930-களின் தொடக்கத்தில் சென்னை. 1936-ல் ஈடெல் குவின் என்ற காசநோயாளிப் பெண் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினாள். எட்டே ஆண்டுகளில் நைரோபியில் இறந்துபோவதற்குள் காடுமேடெல்லாம் கிளைகளைத் தொடங்கிவிட்டாள். இந்தியாவில் பெரிய பிரசாரம் ஒன்றும் நடக்கவில்லை. சென்னையில் வேர்விட்டது தமிழ்ப் பங்குகளுக்குப் பரவியது. தமிழ் பேசும் கத்தோலிக்கர் எங்கே கூட்டமாக இருந்தார்களோ அங்கெல்லாம் போயிற்று. மைசூர் சமஸ்தானத்துக்குள் அப்படியொரு தமிழ் ஊர் இருந்தது.

தங்கவயல் அப்போது பூமிக்கு மேலே சின்ன இங்கிலாந்து, கீழே நரகம். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்ட ஊர். துரைகளுக்குக் கிளப்பும் பங்களாக்களும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையைத் தொட்டால் கை சுடும். இறங்கியவர்கள் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். கம்பெனி கட்டிய லைன்களில் ஒண்டிக்குடித்தனம். மூங்கில் தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவது இந்தப் பக்கம் கேட்கும். அந்த இருமலுக்கு ஒரு பெயர் இருந்தது: சிலிக்கோசிஸ். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து ஆளை உள்ளிருந்தே அரிக்கும். 1940-ல் மைசூர் அரசு அந்த நோய்க்கென்றே விதிகள் கொண்டுவந்தது. நோய்க்கு இழப்பீடு கேட்டுத் தொழிற்சங்கம் போராடியது, செங்கொடி பறந்தது. அயோத்திதாசர் வழிவந்த பவுத்தச் சங்கம் 1907-லிருந்தே அங்கே இருந்தது. பவுத்தரும் கம்யூனிஸ்டும் கத்தோலிக்கரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்த ஊர் அது. அந்த ஊர்க் கோவில் அறைகளில் வாரத்துக்கு ஒரு மாலை ஒரு மேசை போட்டார்கள். வெள்ளைத் துணி, விரித்த கைகளோடு மாதா, இரண்டு பூச்சாடி, இரண்டு மெழுகுவத்தி. மைரா ஹவுஸில் பெயர் தெரியாத ஒருத்தி யாரும் கேட்காமல் செய்துவைத்த அலங்காரம், கைப்புத்தகத்தில் விதியாக ஏறி, ஓர் அங்குலம் பிசகாமல் தங்கவயலுக்கு வந்து சேர்ந்திருந்தது.

மேசையோடு விதிகளும் வந்தன. வாரம் தவறாமல் கூடவேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது வேலை செய்யவேண்டும். ஜெபமாலை சொன்னதை வேலைக் கணக்கில் எழுதக் கூடாது. தனியாகப் போகக் கூடாது, ஜோடியாகத்தான். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. மூன்று ஆண்டுக்கு ஒரு தலைவர். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. நம்மூர்க் கட்சிகளிலும் சங்கங்களிலும் இந்த விதியைத் தேடினால் கிடைக்காது. கூட்டத்தின் நடுவே ஒரு துணிப்பை சுற்றி வரும். எல்லோரும் கையை உள்ளே விடவேண்டும். போட்டது எவ்வளவு, போட்டாளா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவளுக்கும் தெரியாது. சம்பள நாளுக்கு முந்தின வாரம் வெறுங்கையை விட்டு எடுத்தவளின் மானத்தை அந்தப் பை காப்பாற்றியது. ஆனால் அந்தப் பைக் காசில் ஒரு ரூபாய்கூட ஏழை வீட்டுக்குப் போகக் கூடாது என்று இன்னொரு விதி. சிக்கல் அங்கேதான் வந்தது.

பசித்தவன் வீட்டுக்குப் போய் ஜெபம் மட்டும் சொல்லிவிட்டு வருகிற கூட்டம் என்ற ஏச்சு சேனைக்குப் புதிதில்லை. சோற்றுக்கு வழியில்லாத இடத்தில் ஜெபமாலை எதற்கு என்று செங்கொடிக்காரர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அதற்குச் சேனையின் பதில் எளிமையானது: பொருள் கொடுப்பதற்கு வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, உரிமை கேட்பதற்குச் சங்கம் இருக்கிறது. அவை செய்கிற வேலையை இவர்கள் தடுக்கவுமில்லை, இழிவாகப் பேசவுமில்லை. ஆனால் அரிசிப் பையோடு வருகிறவரைப் பார்த்ததும் வீட்டுக்காரி எழுந்து நிற்பாள். கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு சாதி அந்த நொடியில் பிறந்துவிடும். வெறுங்கையோடு வந்தவளுக்குப் பாயை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வாள். இந்தியாவில் கிறிஸ்தவர்கள் மேல் நூற்றாண்டாக வீசப்படும் பழிகளில் பெரியது, அரிசி கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்பது. அந்தப் பழியைச் சுமத்தவே முடியாதபடி விதி எழுதிவைத்த அமைப்பை, ஏன் அரிசி கொடுக்கவில்லை என்று திட்டுவது வேடிக்கைதான். இருமிக்கொண்டு படுத்திருக்கும் சுரங்கத் தொழிலாளிக்கு இழப்பீட்டுப் பணம் வேண்டும். அதைச் சேனை வாங்கித்தர முடியாது. பணம் வாங்கித்தந்த பிறகும் சாயங்காலம் யாராவது வந்து பக்கத்தில் உட்காரவேண்டும். அதை யாரும் மனுப் போட்டு வாங்க முடியாது.

இன்னொரு குற்றச்சாட்டு, வேவு. வீடு வீடாகப் போய் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கூட்டத்தில் அறிக்கை வாசிக்கிறார்கள் என்பது. தட்டிச் சுவர் உள்ள ஊரில் ரகசியம் காப்பது லேசான காரியமில்லை. விதியை மீறி வாயாடியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் வேவு என்ற சொல்லைக் கேட்டதும், 1951-ல் ஷாங்காயில் நடந்தது நினைவுக்கு வராமல் போகாது.

சீனாவில் சேனை காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. அதற்கு உழைத்தவர் ஏடன் மெக்ராத் என்ற அயர்லாந்து சாமியார். மாவோவின் அரசு அதை எதிர்ப்புரட்சி அமைப்பு என்று அறிவித்தது. பெயரிலேயே படை, ரோமத்துப் பட்டங்கள், வாராவாரம் அறிக்கை. அமெரிக்க உளவு என்று எழுத இதைவிட வேறென்ன வேண்டும்? உறுப்பினர்கள் போலீசிடம் வந்து பதிவுசெய்து, விலகிவிட்டதாகக் கையெழுத்துப் போடவேண்டும் என்று உத்தரவு வந்தது. பலர், அதிலும் கல்லூரிப் பிள்ளைகள், மறுத்துச் சிறைக்குப் போனார்கள். அந்தச் செப்டம்பரில் மெக்ராத் கைதானார். முப்பத்திரண்டு மாதம் தனிமைச் சிறை. தங்கவயல்காரர்களுக்கு இந்தப் பிடிவாதம் புரியாத விஷயமில்லை. 1930-ல் கம்பெனி எல்லாத் தொழிலாளிகளின் கைரேகையையும் எடுத்துப் பதிவுசெய்யப் போவதாக அறிவித்தபோது, கை நீட்ட மாட்டோம் என்று சுரங்கத்தையே நிறுத்திக் காட்டிய ஊர் அது. குற்றம் செய்யாதவனை முன்கூட்டியே பதிவேட்டில் ஏற்றுவது என்ன அர்த்தத்தில் என்று இரண்டு இடத்திலும் ஏழைகளுக்குத் தெரிந்திருந்தது. கம்யூனிஸ்டு அரசு ஏகாதிபத்திய உளவு என்றது. டப்ளின் பேராயர் கட்டுக்கடங்காத கணக்கர் என்று நினைத்தார். இந்த இரண்டு பழிகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது.

தீர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1965. ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கடைசி அமர்வு. பார்வையாளர்களாகச் சில பொதுநிலையினரை அழைத்திருந்தார்கள். அதில் 76 வயது டஃப்பும் ஒருவர், ஓரமாக உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டிருந்த இங்கிலாந்துக் கர்தினால் ஹீனன், டஃப் இங்கே இருக்கிறார் என்று சுட்டிக்காட்டினார். உலகத்தின் ஆயர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த நவம்பரில் பொதுநிலையினரின் பணியைப் பற்றிச் சங்கம் வெளியிட்ட ஏடு, மைரா ஹவுஸ் பெண்கள் நாற்பத்து நான்கு ஆண்டுகளாகச் செய்துவந்ததை உரிமை என்றும் கடமை என்றும் எழுதியது. பதினைந்து ஆண்டு கழித்து, 1980 நவம்பர் 7-ம் தேதி டஃப் இறந்தார். புனிதர் பட்டத்துக்கான வழக்கு 1996-ல் டப்ளினிலேயே தொடங்கியது. தங்கவயலில் அந்த நேரம் வேறொரு வழக்கு தீர்ப்புக்குக் காத்திருந்தது.

சுரங்கத்தில் எடுக்கிற தங்கத்தைவிட எடுக்கிற செலவு அதிகம் என்றது கணக்கு. 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடினார்கள். ஏறக்குறைய 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் கொடுத்த ஊருக்கு மிஞ்சியது சயனைடு மலைகளும், லைன் வீடுகளும், காலை இருட்டில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலும். வேலை வயதில் இருப்பவர்கள் அதில் ஏறிப் போய் இரவில் திரும்பினார்கள். பகலெல்லாம் ஊரில் இருப்பவர்கள் வயதானவர்கள், நோயாளிகள், பழைய தூசை நெஞ்சில் சுமந்தவர்கள். கம்பெனி போய்விட்டது. சங்கங்கள் பாக்கிக்காகவும் வீட்டுக்காகவும் வழக்காடின. அது அவர்கள் வேலை, நல்ல வேலை. படுக்கை பக்கத்தில் உட்காருவது மட்டுமே வேலையாகக் கொண்ட அமைப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு, இப்படிப்பட்ட ஊரைவிடப் பெரிய பதிலை டஃப்பே எழுதியிருக்க முடியாது.

சேனைக்குக் குறை இல்லாமலில்லை. ரோமப் படைப் பெயர்கள் இன்றைய பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. கைப்புத்தகத்தின் நடை கனமானது. தினமும் ரயிலில் நான்கைந்து மணி நேரம் போய்வருகிறவரிடம் வாரக் கூட்டத்துக்கு வா என்றால் அவர் என்ன செய்வார்? இவை பேசவேண்டிய குறைகள். உளவு, மூளைச்சலவை, சாமியார்களின் ஏவல்படை என்பவை ஆதாரமில்லாத பழிகள். நூறாண்டு காலத்தில் இரண்டு கண்டத்து அதிகாரங்கள் முயன்றும் அவை நிரூபணமாகவில்லை. பெண்களுக்குக் கதவை அடைத்த வின்சென்ட் தே பவுல் சபை, 1960-களின் பிற்பகுதியில் விதியைத் திருத்திப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போது மைரா ஹவுஸ் பெண்கள் தொடங்கியது எல்லாக் கண்டங்களிலும் நடந்துகொண்டிருந்தது.